தலைவலிக்கு விழியின் உள்ளே பார்க்க வேண்டும்

இளம்பெண் ஒருவருக்கு வாரக்கணக்கில் தலைவலி விடவில்லை என்றால், நம் ஊர்ப்பக்கம் அதற்குக் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும், சைனஸாக இருக்கும், ஒற்றைத் தலைவலியாக இருக்கும், நைட் ஷிப்டில் தூக்கம் கெட்டிருக்கும். பெரும்பாலும் இவற்றில் ஒன்று சரியாகவும் இருந்துவிடும். ஆனால், இந்தக் கூட்டத்துக்குள் வேறு ரகமான ஒரு தலைவலியும் ஒளிந்திருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளையைச் சூழ்ந்திருக்கும் நீரின் அழுத்தம் ஏறுவதால் வரும் வலி அது. கட்டி இருக்காது, கிருமித்தொற்று இருக்காது, சாதாரண சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் பிடிபடாது. கவனிக்காமல் விட்டால் பார்வையைக் கொண்டுபோய்விடும். காரணம் இன்னதென்று பிடிபடாத இந்த அழுத்த ஏற்றத்தை மருத்துவர்கள் ‘ஐ.ஐ.எச்.’ என்கிறார்கள். இது பெண்களை, அதிலும் பிள்ளைபெறும் வயதில் எடை கூடியவர்களை, மிக அதிகமாகத் தாக்குகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் இன்று அந்த வயதுப் பெண்களின் உழைப்பில் ஓடுகிற மாவட்டம். போச்சம்பள்ளியில் ஓலா மின்வாகன ஆலை, ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ், பர்கூரில் சிப்காட் வளாகமும் ஜவுளிக் கடைத்தெருவும் என்று எங்கு பார்த்தாலும் அவர்களே. இவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் எந்தச் சிகிச்சை, எப்போது, எவ்வளவு என்பதைத் தலைவலியின் அளவோ காப்பீட்டு அட்டையின் வரம்போ முடிவுசெய்யக் கூடாது; அவருடைய பார்வை நரம்பின் நிலையே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் வாதம். அதற்கு, விழியின் உட்புறத்தைப் பார்க்கும் வசதி பர்கூர் அளவிலான ஊர்களின் அரசு மருத்துவமனையிலேயே இருந்தாக வேண்டும்.

நோயின் இயல்பைப் புரிந்துகொண்டால் இந்த வாதத்தின் நியாயம் புரியும். மண்டையோடு விரிந்துகொடுக்காத எலும்புப் பெட்டி. அதற்குள் மூளையும் ரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த நீர் ஒரு நேரத்தில் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டர் புதிதாகச் சுரந்து, அதே அளவு ரத்தத்தில் வடிந்து கலக்கும். சுரப்புக்கும் வடிகாலுக்குமான கணக்கு பிசகினால் அழுத்தம் ஏறுகிறது. பார்வை நரம்பைப் போர்த்தியிருக்கும் உறை, மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் நீட்சிதான். அதனால் உள்ளே ஏறிய அழுத்தம் நரம்பின் வழியே விழியின் பின்சுவர் வரை வந்து முட்டுகிறது. நரம்பு விழிக்குள் நுழையும் வட்டமான இடம் வீங்குகிறது. விழியின் உள்ளே பார்க்கும் கருவியை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்குக் கொடுத்தார். அடுத்த பத்தாண்டுக்குள், 1860-இல், மூளைக்கட்டி உள்ளவர்களிடம் இந்த வீக்கத்தைக் கண் மருத்துவர் கிரேஃப் விவரித்துவிட்டார். தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்தக் கதிரும் பாய்ச்சாமல் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்பது அவ்வளவு பழைய அறிவு.

நோயாளிக்குத் தெரியும் அறிகுறிகளும் உண்டு. குனிந்தால், இருமினால் கூடும் வலி. நாடித்துடிப்போடு சேர்ந்து காதுக்குள் கேட்கும் ‘உஸ்’ என்ற இரைச்சல். குனிந்து நிமிரும்போது சில வினாடிகள் கண் இருட்டிக்கொண்டு வருவது. பக்கவாட்டில் பார்க்கும்போது உருவம் இரண்டிரண்டாகத் தெரிவது. இந்த நான்கும் எல்லோருக்கும் வருவதில்லை. இதைவிட ஏமாற்றக்கூடிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த நோயில் பார்வையின் ஓரங்கள்தான் முதலில் தேயும். நடுப்பார்வை நெடுங்காலம் தெளிவாகவே இருக்கும். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துக்காட்டி, ‘உங்கள் கண் நன்றாக இருக்கிறது’ என்ற பதிலோடு திரும்பும் ஒருவரின் நரம்பு அப்போதே வீங்கியிருக்கலாம். ஆலைகளிலும் பள்ளிகளிலும் நடக்கும் கண் பரிசோதனை முகாம்களில் பெரும்பாலானவை எழுத்துப் பலகையோடும் கண்ணாடிப் பரிந்துரையோடும் முடிந்துவிடுகின்றன. அவை தேவையில்லை என்று சொல்லவில்லை. தலைவலி என்று வருபவருக்கு அது மட்டும் போதாது. கையில் கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தமும் அப்படித்தான். அது சரியாக இருந்தாலும் இந்த அழுத்தம் ஏறியிருக்க முடியும்.

விழிக்குள் பார்ப்பதை மருத்துவர்கள் எவ்வளவு தவறவிடுகிறார்கள் என்பதற்கு அளந்து வைத்த சான்று இருக்கிறது. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழக அவசரப் பிரிவில் நடந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. தலைவலி, நரம்புக் கோளாறு, திடீர்ப் பார்வைக் குறை, மிகை ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வந்த 350 பேருக்குச் செவிலியர்கள் ஃபண்டஸ் கேமராவில் விழியின் உட்புறத்தைப் படமெடுத்தார்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்துகூட இதற்குத் தேவைப்படவில்லை. 44 பேரின் படங்களில் கவனிக்க வேண்டிய மாற்றம் இருந்தது. அவசரப் பிரிவு மருத்துவர்கள் வழக்கமான முறையில் விழிக்குள் பார்த்ததோ 48 பேருக்கு மட்டுமே; அந்த 44 பேரில் ஒருவரைக்கூட அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வளம் மிகுந்த ஒரு நாட்டின் பல்கலைக்கழக மருத்துவமனையில் நிலை இது. கையால் பிடித்துப் பார்க்கும் கருவிக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். கேமராவுக்குச் சில நாள் பயிற்சி போதும், படத்தை எங்கோ இருக்கும் நிபுணர் படித்துச் சொல்லலாம். ‘திரீநேத்ரா’ என்ற பெயரில் குறைந்த செலவு விழிக் கேமராவை உருவாக்கிய நிறுவனம் நம் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூருவில்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்து நரம்பு வீக்கத்தைக் கணினியே இனங்காணும் முறையைப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து உருவாக்கி 2020-இல் வெளியிட்டார்கள். வேறு மருத்துவமனைகளின் படங்களில் சோதித்தபோது வீக்கம் உள்ளவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறை அது சரியாகப் பிடித்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லோருக்கும் படமெடுத்தால் இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிப் பயமுறுத்திவிட மாட்டார்களா? நியாயமான கேள்வி. சிலருக்குப் பிறவியிலேயே நரம்பின் வட்டம் மேடாக இருக்கும். சுண்ணாம்புப் படிவு போன்ற துணுக்குகள் சேர்ந்து வீக்கம்போலத் தோன்றும். அதே எமோரியிலிருந்து 2016-இல் வந்த இன்னொரு ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டியது: ஏற்கெனவே ஐ.ஐ.எச். என்று முத்திரை குத்தப்பட்டு வந்த 86 பேரில் 34 பேருக்கு அந்த நோயே இல்லை. அவர்களில் பலர் முதுகில் ஊசி, மாத்திரை என்று தேவையில்லாத வேதனைகளை அனுபவித்தவர்கள். ஆனால், அந்தத் தவறுகளுக்கு முதன்மைக் காரணமாக ஆய்வாளர்கள் கண்டது என்ன? விழியின் உட்புறத்தைச் சரியாகப் பார்க்காததுதான். பார்க்காமல் விட்டாலும் ஆபத்து, அரைகுறையாகப் பார்த்தாலும் ஆபத்து. தெளிவான படமும் அதைப் படிக்கத் தெரிந்த கண் மருத்துவரும், சந்தேகம் வந்தால் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி., அல்ட்ராசவுண்டு சோதனைகளும் இந்த இரண்டுக்குமான பதில்.

வீக்கம் உறுதியானால் உடனே ‘எடையைக் குறை’ என்று அனுப்பிவிடுவதும் பிழை. ஐ.ஐ.எச். என்பது மற்ற எல்லாக் காரணங்களும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே வைக்க வேண்டிய பெயர். நம் நாட்டில் அந்த மற்ற காரணங்கள் நிறைய. காசநோய் மூளையுறையைத் தாக்கலாம். நாடாப்புழுவின் முட்டைகள் மூளையில் கட்டிகளாகலாம். மூளையின் சிரைக்குழாயில் ரத்தம் உறைந்து வடிகாலை அடைக்கலாம். கடைசியாகச் சொன்னது மகப்பேறுக்குப் பிந்தைய வாரங்களில் வரக்கூடியது. கருத்தடை மாத்திரை, உடலில் நீர் வற்றுதல், ரத்தசோகை ஆகியவை அதற்கு வழி திறந்துவிடும். குழந்தை பெற்ற பெண் தண்ணீர் குடித்தால் ஆகாது என்று தடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதை நினைத்தால் இது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தி அல்ல. ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சிரைகளைக் காட்டும் எம்.ஆர்.வி.யும் சேர்ந்தே எடுக்கப்பட வேண்டும். ஒல்லியான பெண்ணுக்கோ ஆணுக்கோ இந்த வீக்கம் வந்தால் தேடல் இரண்டு மடங்காக வேண்டும். முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், மினோசைக்ளின், டாக்ஸிசைக்ளின், அளவுமீறிய வைட்டமின் ஏ, திடீரென்று நிறுத்திய ஸ்டீராய்டு ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பதால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரைகளையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது, அழுத்தத்தை அளக்க முதுகில் நீர் எடுப்பது. பெரியவர்களுக்கு, படுத்த நிலையில் அளக்கும்போது 25 செ.மீ. நீர் உயரத்தை எட்டினால் அழுத்தம் மிகை என்று கொள்கிறார்கள். இந்தச் சோதனையைப் பற்றி நம்மிடம் இருக்கும் பயம் பெரிது. ‘முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்’ என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போகும் உறவினர்கள் உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்கும் இடம் அதற்குக் கீழே. சிசேரியனுக்கு மரத்துப்போக ஊசி போடுவதும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட தாய்மார்கள் எல்லா வீடுகளிலும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். சோதனைக்குப் பிறகு சில நாட்கள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரலாம் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த வலியே வதந்திக்குச் சாட்சியாகிவிடும்.

சிகிச்சை வழிகளுக்கு வருவோம். நோயின் போக்கையே மாற்றக்கூடியது எடைக்குறைப்பு என்பதில் ஆய்வுகள் ஒருமித்திருக்கின்றன. ஆனால் எவ்வளவு என்பதுதான் சிக்கல். பிரிட்டனில் 66 பெண்களை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் தலை அழுத்தம், உணவுக் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்ந்தவர்களைவிட நன்றாகக் குறைந்தது. அழுத்தம் இயல்புக்குத் திரும்ப உடல் எடையில் சுமார் 24 விழுக்காடு குறைய வேண்டியிருந்தது என்று அந்தக் குழு கணக்கிட்டது. 80 கிலோ எடையுள்ள பெண் 19 கிலோ இழக்க வேண்டும் என்று பொருள். அதைவிடக் குறைவான இழப்பும் வீக்கத்தைத் தணிக்க உதவும். என்றாலும், சுழல் ஷிப்டில் நிற்பவர், கேன்டீன் சோற்றை நம்பியிருப்பவர், வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை உண்பவர் ஆகியோரிடம் ‘வாயைக் கட்டு’ என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வது மருத்துவம் ஆகாது. எடையைச் சொல்லிக் குற்றவாளிக்கூண்டில் ஏற்றப்படும் பெண் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வர மாட்டார், வராத மாதங்களில் பார்வை போகும். உணவு ஆலோசகரும் தொடர்ந்த கண்காணிப்பும் மருந்துச் சீட்டின் பகுதியாக வேண்டும். எடை குறைக்கும் புதிய ஊசிகள் 2025 முதல் நம் கடைகளுக்கும் வந்துவிட்டன. அவற்றின் உறவுமருந்தான எக்செனடைடு தலை அழுத்தத்தைக் குறைத்ததாக 2023-இல் ஒரு சிறு ஆய்வு காட்டியது. பெரிய ஆய்வு முடிவுகள் கைக்கு வரும் முன் அவற்றை இந்த நோய்க்கான மருந்தென்று விற்பது முறையல்ல.

மாத்திரையில் முதன்மையானது அசிட்டசோலமைடு. கண்நீர் அழுத்த நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் பழைய மாத்திரை இது, அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது. 165 பேரிடம் நடத்தி 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு இந்த மாத்திரையும் எடுத்தவர்களுக்குப் பார்வைப் புலம் (ஓரங்களையும் சேர்த்த பார்வைப் பரப்பு) கூடுதலாக மீண்டது. கூடுதல் பலன் மிதமானதுதான் என்றாலும் உண்மையானது. விரல் நுனிகளில் ஊசி குத்தும் உணர்வு, நாக்கில் மாறிய சுவை, அடிக்கடி சிறுநீர், சிலருக்குச் சிறுநீரகக் கல் ஆகியவை இதன் விலை. இந்த இடத்தில் ஆலையின் நிலைமை மருத்துவத்துக்குள் நுழைகிறது. கழிப்பறைக்குப் போக லைன் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த மாத்திரையைத் தொடர்வது கடினம். தொடர்ந்தால் கல்லும் நீர்வற்றலும் காத்திருக்கின்றன. ‘கேட்டபோது கழிப்பறைக்குச் செல்ல அனுமதிக்கவும்’ என்று மருத்துவர் ஒரு வரி எழுதிக்கொடுப்பதும் அதை நிர்வாகம் மதிப்பதும் சிகிச்சையின் அங்கம். டோபிரமேட் என்ற இன்னொரு மாத்திரை ஒற்றைத் தலைவலிக்கும் பசிக்குறைப்புக்கும் உதவும் என்று தரப்படுகிறது. அது கருவிலிருக்கும் குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது. திருமணத்தை எதிர்நோக்கும் பெண்ணிடமும், திருமணமானவரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லாமல் அந்தச் சீட்டு எழுதப்படக் கூடாது.

அறுவை சிகிச்சை எப்போது என்ற கேள்விதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. பார்வை வேகமாகத் தேய்கிறது என்றால் நாட்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. தலையிலிருந்தோ முதுகிலிருந்தோ வயிற்றுக்குள் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய், பார்வை நரம்பின் உறையில் சிறு சாளரம் திறக்கும் அறுவை, குறுகிய சிரைக்குழாய்க்குள் ஸ்டென்ட் வைப்பது ஆகியவற்றில் ஒன்றை உடனே தேர்ந்தாக வேண்டும். ஷன்ட் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், கிருமி பிடிக்கும். மறு அறுவை வேண்டியவர்கள் பலர். ஸ்டென்ட் வைத்தால் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். ஆகவே பார்வை பத்திரமாக இருக்கும்போது தலைவலிக்காக மட்டும் ஷன்ட் வைப்பதைப் பிரிட்டன் மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நரம்பு வீக்கம் வற்றிய பிறகும் தலைவலி நீடிப்பது சகஜம்; பெரும்பாலும் அது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு இருக்கும், தினம் வலிமாத்திரை விழுங்கியதாலும் இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, வேறு அணுகுமுறை. தலைவலியை அளவுகோலாக வைத்தால் தேவையில்லாதவருக்குக் குழாய் போகும். வலி குறைவாக இருக்கும் ஒருவர் சத்தமில்லாமல் பார்வையை இழப்பார்.

இதுவெல்லாம் லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும்போது இதற்கு ஏன் அரசு செலவிட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மேலைநாட்டுக் கணக்கில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றிரண்டு பேர். எடை கூடிய இளம்பெண்களிடம் அது பத்து மடங்குக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.8 லட்சம் மக்கள் இருந்த இம்மாவட்டத்தில் அந்தக் கணக்கை அப்படியே பொருத்தினால் ஆண்டுக்கு இருபது முப்பது பேர் வரலாம். அவர்களுக்கென்று தனிக் கருவி எதையும் கேட்கவில்லை. சர்க்கரை நோயாளிக்கு விழித்திரைச் சேதத்தைப் பார்க்கும் அதே கேமரா, ரத்தக்கொதிப்பு கண்ணைத் தாக்கியிருக்கிறதா என்று பார்க்கும் அதே படம், தலைவலிக்காரருக்கும் போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். சர்க்கரையையும் ரத்தக்கொதிப்பையும் வீட்டு வாசலில் அளக்கும் அந்தத் திட்டத்தின் பயனாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை விழிப்படம் எப்படியும் தேவை. பர்கூர் அரசு மருத்துவமனையில் அதற்காக வைக்கும் கேமராவின் முன்னால், இரண்டு வாரத்துக்கு மேல் தலைவலி உள்ளவரையும் உட்கார வைக்கலாம்.

பர்கூரிலிருந்து கிழக்கே வேலூர் சி.எம்.சி.யும் வடமேற்கே பெங்களூரு நிமான்ஸும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது அந்த வேலூரில்தான். பெரிய நிறுவனங்கள் இவ்வளவு அருகில் இருக்க உள்ளூர் வசதி எதற்கு என்பார்கள் சிலர். ஸ்டென்டுக்கும் ஷன்டுக்கும் அங்கே போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் இந்த நோய் பெரும்பாலும் ஒரு நாள் அறுவையில் தீர்வதில்லை. தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கணக்கில் விழிப்படமும் பார்வைப் புலச் சோதனையும் எடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவியில் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும் என்றாலும், புதிதாகத் தொடங்கும் விடுப்பின் முதல் இரண்டு நாட்களுக்கு அது பொதுவாகக் கிடையாது. ஒற்றை நாள் சோதனைகள் அத்தனையும் அந்த ஓட்டையில் விழுகின்றன. முதல்வரின் காப்பீட்டுத் திட்டமும் ஷன்ட் போன்ற பெரிய செலவுக்குக் கைகொடுக்கும் அளவுக்கு இந்தத் தொடர் நடைகளுக்குக் கைகொடுப்பதில்லை. பார்வையைக் காப்பதில் பெரும்பங்கு அந்த நடைகளுக்கே இருக்கிறது.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டு, போலுப்பள்ளியில் இயங்குகிறது. பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் பஸ்ஸில் சென்று அன்றே திரும்பும் தூரம். கண் துறையும் பொது மருத்துவத் துறையும் சேர்ந்து வாரத்தில் ஒரு நாள், முடிந்தால் ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக மாலையில், இந்த நோயாளிகளை ஒரே இடத்தில் பார்க்க ஏற்பாடு செய்யலாம். தாலுகா மருத்துவமனைக் கேமராக்களின் படங்கள் அங்கே வந்து சேரட்டும். பார்வைப் புல வரைபடங்களைத் தேதி வரிசையில் கோத்த ஓர் அட்டை நோயாளியின் கையில் இருக்கட்டும். வேலூருக்கோ பெங்களூருவுக்கோ அனுப்ப நேர்ந்தால் அங்குள்ள மருத்துவர் ஆறு மாதப் போக்கை ஒரே பார்வையில் கண்டு முடிவெடுப்பார். ஆலை நிர்வாகங்கள் இந்தச் சோதனை நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக ஏற்க, மாவட்ட நிர்வாகமும் தொழிலாளர் துறையும் அவர்களை அழைத்துப் பேச வேண்டும். அதுவரை, நோயாளியும் குடும்பமும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை மூன்று: விழிக்குள் பார்த்தீர்களா, ஓரப்பார்வையை அளந்தீர்களா, அடுத்து எந்தத் தேதியில் அதை மறுபடி அளப்பீர்கள்.